எண்பத்தேழு பைசா ஆட்கள்

இசக்கிசெல்வியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் அவள் விரலைப் பற்றித்தான் எழுத வேண்டும். வலது கை ஆள்காட்டி விரல். ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்க்கும் செல்போன் கம்பெனியில், முப்பத்தெட்டு விநாடிக்கு ஒரு போன் லைனில் நகர்ந்து வந்து அவள் முன்னால் நிற்கும். திரையில் ஒன்பது இடங்களில் தொட்டுப் பார்ப்பாள். ஒன்பதும் வேலை செய்தால் பாஸ். ஒன்று சொதப்பினாலும் ரிஜெக்ட். ஒரு ஷிப்டில் அறுநூறு போனுக்கு மேல் தொடுகிறவளுடைய சொந்தப் போன் மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் லாக்கரில் பூட்டிக் கிடக்கும். உள்ளே யாரும் போன் கொண்டுபோகக் கூடாது.

நான் தங்கமாரி. அதே லைனில் ஸ்க்ரூ போடுகிறேன். மண்ணூர் ஹாஸ்டலில் அவள் கட்டிலுக்கு அடுத்த கட்டில். அவளுக்குத் திசையன்விளைப் பக்கம், எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். நான்கு வருடமாக ஒரே அறை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை.

எங்கள் கம்பெனி பஸ் பதினாலாம் நம்பர் ரூட். காலை ஷிப்டுக்கு விடியுமுன்னே எழுந்து ஓடுகிறவர்கள் மதியம் இரண்டரைக்குப் பஸ் கிளம்பியதும் தூங்கிவிடுவார்கள். ஏறும்போதே பக்கத்து சீட்டில் சொல்லி வைப்பது வழக்கம்: "இருங்காட்டுக்கோட்டையில எழுப்பிவிடு." அந்தப் பக்கத்து சீட்டும் தூங்கிவிட்டால் இரண்டு பேருமே மண்ணூரைத் தாண்டி பஸ் ஷெட்டில் போய்த்தான் இறங்க வேண்டும். செல்விக்கு மட்டும் பஸ்ஸில் தூக்கம் வராது. அதனால் பஸ் முழுவதையும் எழுப்பிவிடும் வேலை அவள் தலையில் விழுந்தது. யாரை எப்படி எழுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒருத்தியின் தோளைத் தொட்டாலே போதும். ஒருத்தனுக்குக் காதருகே கை தட்ட வேண்டும். என்னை ஐந்து தடவை தட்ட வேண்டும், ஐந்தாவது தட்டலுக்குத் திட்டும் வாங்க வேண்டும்.

ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டையில் ஏழு பேரை வரிசையாக எழுப்பி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவள், என் முழங்கையில் குத்தினாள்.

"ஏட்டி தங்கமாரி, இதுதாம்ட்டி கேம்."

"எது?"

"தூங்குதவங்கள அவங்கவங்க ஸ்டாப்புல எழுப்பிவிடணும். எழுப்பாட்டா ஷெட்டுக்குப் போயிருவாங்க. விரலால தட்டணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் தூக்கக் கலக்கத்தில், "முதல்ல என்ன எழுப்பாத," என்றேன். அந்த விளையாட்டு பிறந்த நேரத்தில் நான் சொன்ன வாழ்த்து அவ்வளவுதான்.

அவள் திருநெல்வேலியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் இங்கே வந்தவள். ஸ்ரீபெரும்புதூரில் பழைய லேப்டாப் ஒன்றைப் பதினாலாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கி வந்தாள். ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்க மாட்டாள். படம் போட ஜாஸ்மின் வந்து சேர்ந்தாள். மண்ணூர்க்காரி, எங்கள் லைனில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவள், ஹாஸ்டலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. டீ இடைவேளையில் ஓர் அட்டைத் துண்டில் எங்கள் சூப்பர்வைசரை வரைந்து மாட்டிக்கொண்டவள். அவளுக்கு இரண்டாயிரத்து முந்நூறு ரூபாயில் கம்ப்யூட்டரில் படம் வரையும் பலகை ஒன்று வாங்கினார்கள். விளையாட்டில் தூங்குகிறவர்களில் ஒருத்திக்கு என் முகத்தை வரைந்து வாயில் எச்சில் ஒழுகவிட்டாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

செல்வி சும்மா இருக்க மாட்டாள். எங்கெங்கோ படித்துவிட்டு வந்து அறையில் நின்று முழங்குவாள்.

"ஒரு பெரிய கேம் செய்ய ஆயிரம் கோடிக்கு மேல ஆவுதாம்ட்டி! ரெண்டாயிரம் பேரு ஆறு வருசம் வேல செஞ்சிருக்காவ. அதுக்கப்புறம் வெளம்பரத்துக்கு மட்டும் தனியா அதே அளவு துட்டு!"

"ஓங்கிட்ட எவ்வளவு இருக்கு?"

"நானும் ஜாஸ்மினும் ரெண்டு பேரு, ஒரு லேப்டாப்பு."

"அப்ப படுத்துத் தூங்கு."

"நம்ம லைன்ல ஒரு போனுக்கு நாப்பத்தாறு பேரு ஒக்காந்திருக்கோம். அந்த நாப்பத்தாறு சீட்டுலயும் ஒருத்தியே மாறி மாறி ஒக்காந்தா மெதுவா வரும், ஆனா போன் வரும்லா?"

 போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். இரண்டு வருடம் அவள் நாற்பத்தாறு சீட்டிலும் மாறி மாறி உட்கார்ந்தாள். விளையாட்டுக்கு 'ஸ்டாப் வந்தாச்சு' என்று பெயர் வைத்தாள். நான் இதைத் தொடவே மாட்டேன் என்று வீம்பாகச் சொல்லி வைத்திருந்தேன்.

இந்த வருடம் ஒரு போட்டி வந்தது. பெங்களூரில் செல்போன் விளையாட்டுகளை வெளியிடும் ஓர் இணையதளம் நடத்தியது. பத்து லட்சத்துக்குக் குறைவான செலவில் செய்த விளையாட்டுகளை வெள்ளிக்கிழமை வெளியிட வேண்டும். ஞாயிறு முடிவதற்குள் எதை அதிகம் பேர் விளையாடுகிறார்களோ, அந்தக் குழுவுக்கு அடுத்த விளையாட்டைச் செய்ய ஒரு வருடச் சம்பளம். லைனை விட்டு இறங்கி, பிடித்த வேலையைப் பகலெல்லாம் செய்யலாம். செல்வி அதைப் படித்துவிட்டுக் கட்டில் மேல் ஏறிக் குதித்தாள். கட்டில் ஹாஸ்டலுடையது, ஒரு கால் உடைந்தது. அது பிறகு போட்ட செலவுக் கணக்கில் சேரவில்லை.

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. குழுவில் எத்தனை பேர்? செய்ய ஆன செலவு? விளம்பரச் செலவு? பதிவுக் கட்டணத்தையும் சேர்த்துச் செலவு பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். ஆட்கள் என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதப் போனபோதுதான் கோதண்டம் அண்ணன் இதில் மூக்கை நுழைத்தார்.

கோதண்டம் எங்கள் பஸ் டிரைவர். பெரிய மீசை. விளம்பரத்துக்கு என்ன செய்வது என்று செல்வியும் ஜாஸ்மினும் முன் சீட்டில் உட்கார்ந்து குழம்பியதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர், வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"இன்னாமா யோசன பண்ணிகினு கீறீங்க? நம்ம கம்பெனிக்கு அறுபத்திரண்டு வண்டி ஓடுது. ஒவ்வொரு சீட்டு முதுகுலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டு. ஒக்காந்தவன் வேற எங்க பாப்பான்?"

"ஒட்ட விடுவாங்களாண்ணே?"

"சீட்டுலாம் கிழிஞ்சி தொங்குது. கிழிசல மூடுனா கான்ட்ராக்டர் கையெடுத்துக் கும்புடுவாரு. மத்த டிரைவருங்ககிட்ட நான் பேசிக்கிறேன். ஒண்ணே ஒண்ணுதான். கேம்ல வர்ற டிரைவருக்கு என் மீச இருக்கணும்."

மீசை வரைந்தார்கள். குழு மூன்று பேரானது. கான்ட்ராக்டரும் தலையாட்டிவிட்டார். மூவாயிரத்து நூறு ஸ்டிக்கர், ஒன்று அறுபது பைசா, ஆக மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். அச்சடிப்பவன் எல்லாவற்றுக்கும் ஒரே க்யூஆர் கோடு போடலாம் என்றான். செல்வி விடவில்லை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தனிக் கோடு வேண்டும் என்று நின்றாள். எங்கள் லைனில் நம்பர் இல்லாமல் ஒரு ஸ்க்ரூகூட நகராது. எந்த போன் எந்தக் கை வழியாகப் போனது என்று எப்போது கேட்டாலும் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் அவள் ரத்தத்தில் ஊறிவிட்டது. நான், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டேன். இப்போது அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை செல்வியும் ஜாஸ்மினும் லீவு போட்டார்கள். அந்த மாத வருகை போனஸ் போனது. ஜாஸ்மின் வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சரியாக இரண்டு மணிக்கு விளையாட்டை வெளியிட்டார்கள். ஏன் இரண்டு மணி என்றால், அப்போதுதான் காலை ஷிப்ட் முடியும். இரண்டு பத்துக்கு ஆயிரக்கணக்கான லாக்கர்கள் ஒரே நேரத்தில் திறக்கும்.

பஸ்ஸில் நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். ஏறி உட்கார்ந்தவர்கள் முன் சீட்டு முதுகைப் பார்த்தார்கள். ஸ்டிக்கரில் இருந்த கோதண்டத்தின் மீசையைப் பார்த்துச் சிரித்தார்கள். போனை நீட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் பஸ்ஸே 'டொக் டொக்' என்று தட்ட ஆரம்பித்துவிட்டது.  அது நாள்வரை பதினாலாம் நம்பர் பஸ்ஸில் மதியம் இரண்டரைக்கு மேல் இத்தனை பேர் விழித்திருந்ததை நான் பார்த்ததில்லை.

அன்று நான் ஜாஸ்மின் வீட்டுக்குப் போய்ச் சேர வழக்கத்தைவிட அரைமணி நேரம் தாமதம். கடைக்குப் போனேன் என்று சொன்னேன். அது பொய். உண்மை கடைசியில் வரும்.

நான் போனபோது ஜாஸ்மின் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது பேருடி! இருவது நிமிசத்துல! லிஸ்ட்ல நம்மதுதான் ஃபர்ஸ்ட்டா கீது!" செல்வி விரலைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு அந்தத் திரையிலேயே போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். இருபது நிமிடத்தில், ஒரே பகுதியிலிருந்து, இரண்டாயிரம் பேர். பிறகு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாரும் காணாமல் போயிருக்கிறார்கள். இது மனிதர்கள் விளையாடியதாகத் தெரியவில்லை, கம்ப்யூட்டர் நிரலை வைத்துப் போலியாக ஆள் சேர்த்ததாகத் தெரிகிறது. ஓர் ஆளை விளையாட வைக்க விளம்பரத்துக்குக் குறைந்தது இருபத்தைந்து ரூபாயாவது ஆகும். நீங்கள் காட்டிய விளம்பரச் செலவில் ஓர் ஆளுக்கு எண்பத்தேழு பைசாதான் வருகிறது. செலவுக் கணக்கு பொய்யாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்கள் பொய்யாக இருக்க வேண்டும். நாளை மாலை ஐந்துக்குள் விளக்காவிட்டால் போட்டியிலிருந்து நீக்கம், அந்தத் தளத்தில் இனி எதையும் வெளியிட முடியாது.

இரண்டு வருட உழைப்பு மூன்று மணி நேரத்தில் திருட்டாகிவிட்டது. செல்வி அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"என்னத் திருடின்னாக்கூடப் பொறுத்துக்கிடுவேன். ஒங்க எல்லாத்தையும் ஆளே கெடையாதுங்காவளே!"

 எண்பத்தேழு பைசாவுக்கு ஆள் கிடைக்காதாம். கோதண்டம் அண்ணனின் மீசைக்கு விலை போட்டுப் பார்த்தார்களா?

செல்வி அப்போதே விளக்கம் எழுதி அனுப்பினாள். எழுத்தில் எதையும் சொல்லலாம், சனிக்கிழமை மூன்று மணிக்கு வீடியோவில் பேசுங்கள் என்று பதில் வந்தது. பிரவீனா என்று பெயர் போட்டிருந்தது. இன்னொரு நாள் லீவு கிடையாது. மூன்று மணிக்கு நாங்கள் பஸ்ஸில் இருப்போம். "பஸ்ஸுல இருந்தே பேசுதேன்," என்றாள் செல்வி.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் போன் அடித்தது. கோதண்டம் பாட்டை நிறுத்தினார். பஸ்ஸில் ஒருவரும் தூங்கவில்லை. எழுந்து வந்து செல்வியின் சீட்டைச் சுற்றி நின்றோம்.

திரையில் தெரிந்த பிரவீனா கண்ணாடி போட்ட சின்னப் பெண். நல்ல தமிழில்தான் பேசினாள். கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இதை நாங்க நிறைய பார்த்திருக்கோம், இசக்கிசெல்வி. போலிக் கணக்குகள் எல்லாம் ஒரே நேரத்துல வரும். ஒரே நேரத்துல போகும். மனுஷங்க அப்படி இருக்க மாட்டாங்க."

"நாங்க அப்படித்தான் இருக்கோம் மேடம்," என்றாள் செல்வி. "ஒரே நேரத்துல வருவோம், ஒரே நேரத்துல போவோம். எங்களுக்கு ஷிப்ட்."

பிரவீனா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். செல்வி விடவில்லை.

"மேடம், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தனிக் கோடு போட்டிருக்கேன். பதினாலாம் நம்பர மட்டும் தனியா எடுத்துக் காட்டுங்க. நேத்து நான் பஸ்ஸுல இல்ல. அந்தக் கணக்க நான் இன்னும் பாக்கல. பாக்காமலே சொல்லுதேன், சரியான்னு பாருங்க."

பிரவீனா எதையோ தட்டினாள். "நாற்பத்து நாலு பேர்."

"ரெண்டு நாப்பத்தஞ்சு வாக்குல ஒரு அஞ்சாறு பேரு வெளையாட்ட விட்டிருப்பாங்க."

"இரண்டு நாற்பத்தாறு. ஐந்து பேர்."

"அது வல்லக்கோட்டை ஸ்டாப்பு. மூணு மணிக்குள்ள பெருசா ஒரு கூட்டம் போயிருக்கும்."

"இரண்டு ஐம்பத்தெட்டு. பதினாலு பேர்."

"ஸ்ரீபெரும்புதூரு! அடுத்து மூணு எட்டு, பத்துக்கு இருங்காட்டுக்கோட்டை. இந்தா, இப்ப நாங்களும் அங்ஙனதான் வந்துட்டோம்."

பஸ் நின்றது. இறங்க வேண்டியவர்கள் ஒன்பது பேர். இறங்கும்போது ஒவ்வொருவரும் குனிந்து போனுக்குள் முகத்தை நீட்டி, "நான் ஆள்தான் மேடம்!" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். பிரவீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"மூணு எட்டு," என்றாள். "ஒன்பது பேர்."

பஸ்ஸே கத்தியது.  தண்டலத்தில் மூன்று பேர் என்று செல்வி சொன்னாள், மூன்றேதான். மண்ணூருக்குப் பதின்மூன்று பேர் என்றாள். அங்கேதான் சிக்கியது.

"இல்லையே," என்றாள் பிரவீனா. சிரிப்புப் போய்விட்டது. "மூணு இருபத்திரண்டுக்குப் பத்து பேர்தான் ஆட்டத்தை நிறுத்தியிருக்காங்க. மீதி மூணு பேர் எந்த ஸ்டாப்லயும் நிறுத்தல. மூணு முப்பத்தொண்ணு வரைக்கும் தொடர்ந்து ஆடியிருக்காங்க. அதுல ஒண்ணு ஒரே கட்டத்தையே பதினேழு தடவை திரும்பத் திரும்ப ஆடியிருக்கு. இப்படி ஆடுறதுதான் போலி. இந்த மூணுக்கும் உங்களால காரணம் சொல்ல முடியுமா?"

செல்வியால் சொல்ல முடியவில்லை. அவள்தான் அன்று பஸ்ஸில் இல்லையே. பதின்மூன்று பேரும் இறங்கியிருக்க வேண்டும்.   அப்போது முன்னாலிருந்து கோதண்டத்தின் குரல் கேட்டது.

"இன்னா தங்கமாரி, நீயே சொல்றியா, நான் சொல்லட்டா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.  மானம் போனாலும் பரவாயில்லை என்று போனைப் பிடுங்கினேன்.

"மேடம், அதுல ஒண்ணு நான். மண்ணூருல எறங்கணும். வெளையாடிக்கிட்டே இருந்ததுல ஸ்டாப்ப விட்டுட்டேன். ஷெட்டுக்குப் போயிட்டேன்."

பின்னாலிருந்து பேக்கிங் பிரிவு ஏசுவடியான் கையைத் தூக்கினான். "ரெண்டாவது ஆள் நான் மேடம்." எங்கள் ஹாஸ்டல் சுகப்பிரியா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு மூன்றாவதாகக் கையைத் தூக்கினாள். முந்தின நாள் ஷெட்டிலிருந்து வெயிலில் நடந்து வந்தபோது இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மூன்று பேரும் சத்தியம் செய்திருந்தோம்.

"பதினேழு தடவை ஆடினது யாரு?" என்று கேட்டாள் பிரவீனா.

"நாந்தான். அந்தக் கட்டத்துல ஒருத்தி வாயில எச்சில் ஒழுகத் தூங்குவா. அஞ்சு தட்டு தட்டணும். கடைசித் தட்டுக்கு அவ திட்டுற திட்டுல பக்கத்துல தூங்குறவ முழிச்சிருவா, ஆட்டம் போயிரும்." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அவ பேரு தங்கமாரி மேடம். அவள எழுப்பப் போயிதான் என் ஸ்டாப்பு போச்சு."

செல்வி என்னைக் கட்டிக்கொண்டாள். போன் கீழே விழுந்தது. அதற்குள்ளிருந்து பிரவீனாவின் குரல், "டிரைவர் ஏன் எழுப்பல?" என்று கேட்டது.

"எப்டிமா எழுப்புறது?" என்றார் கோதண்டம். "தூங்குனா எழுப்பலாம். இவங்க முழிச்சிகினுதானே கீறாங்க!"

பிரவீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "போலிக் கணக்கு ஸ்டாப்பை விடாது," என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, "இன்னும் பத்து நிமிஷத்துல உங்க விளையாட்டு மறுபடியும் வந்துடும்," என்றாள்.

நாங்கள் போட்ட கூச்சலில் பஸ் கூரை போயிருக்க வேண்டும். கட்டிப் பிடித்து, குதித்து, யார் காலை யார் மிதித்தார்கள் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பஸ் நின்றது. வெளியே எட்டிப் பார்த்த ஜாஸ்மின்தான் முதலில் கண்டுபிடித்தாள். "யண்ணே, இது ஷெட்டு!" டிரைவர் உட்பட அத்தனை பேரும் மண்ணூரை விட்டிருந்தோம்.

ஞாயிறு முடிந்தபோது பதினோராயிரம் பேர் ஆடியிருந்தார்கள். முதலிடம். திங்கட்கிழமை அறிவித்தபோது செல்வி லைனில் இருந்தாள், அவள் போன் லாக்கரில் இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்துதான் தெரியும். லாக்கர் அறையில் அவள் போட்ட சத்தத்துக்கு செக்யூரிட்டி ஓடி வந்தார்.

இப்போது ஜாஸ்மின் வீட்டு மாடியில் இரண்டு மேஜைகள் போட்டு அடுத்த விளையாட்டைச் செய்கிறார்கள். குழுவில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் இந்த முறை நான்கு என்று எழுதியிருக்கிறாள். நான்காவது ஆள் நான். லைன் வேலையை நான் விடவில்லை, எனக்கு ஸ்க்ரூ போடுவது பிடிக்கும். பகுதி நேரமாக சோதனைப் பிரிவு. வேலை இதுதான்: செய்து தருவதைப் போனில் போட்டுக்கொண்டு பதினாலாம் நம்பர் பஸ்ஸில் ஏற வேண்டும்.

"மண்ணூருல ஒழுங்கா எறங்குனா ரிஜெக்ட்," என்றாள் செல்வி. "நீ ஸ்டாப்ப விட்டாத்தான் பாஸ்."

மூன்று வாரம் மண்ணூரில் ஒழுங்காக இறங்கினேன். மூன்று தடவை ரிஜெக்ட் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடியும் செய்தாள். நேற்று தலை நிமிர்ந்து பார்த்தபோது பஸ்ஸில் யாரும் இல்லை. கோதண்டம் அண்ணன் சாவியைச் சுழற்றிக்கொண்டு என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஷெட் வாசலில் நின்றுகொண்டே போன் போட்டேன்.

"ஏட்டி செல்வி," என்றேன், "பாஸ்!"